மதியம் மெஸ், இரவு குக்கர்: சென்னையில் அறை எடுத்துப் படிக்க வருபவர்களுக்கு

விடுதி கிடைக்காமல் அறை எடுத்துத் தங்கப் போகிறீர்கள் என்றால், சாப்பாட்டு விஷயத்தில் முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். மதியச் சாப்பாடு வெளியே, இரவுச் சாப்பாடு அறையில். மூன்று வேளையும் சமைக்க வேண்டாம், மூன்று வேளையும் வெளியே சாப்பிடவும் வேண்டாம்.

காரணம் எளிது. சென்னை மெஸ்களில் உலை வைப்பது மதியத்துக்காகத்தான். சோறு, சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், மோர் என்று அந்த விலைக்கு அத்தனை காயும் பருப்பும் ஒரு ஆள் தனியாகச் சமைத்துக் கொண்டுவர முடியாது. இரவில் அதே தெருவில் கிடைப்பது பெரும்பாலும் பரோட்டா, ஃபிரைட் ரைஸ், தோசை. காய் இருக்காது, பருப்பு இருக்காது, எண்ணெய் மட்டும் இருக்கும். தினமும் இரவில் அதையே சாப்பிடுபவர்களுக்குத்தான் ஒரே மாதத்தில் நெஞ்செரிச்சலும் மலச்சிக்கலும் வருகின்றன. ஆகவே அந்த ஒரு வேளையை உங்கள் கையில் எடுத்துக்கொண்டால் போதும். ஒரு குக்கர், ஒரு கடாய், அரை மணி நேரம்.

மெஸ்ஸைத் தேர்ந்தெடுப்பது

வந்த முதல் வாரம் எந்த மெஸ்ஸிலும் மாதப் பணம் கட்டாதீர்கள். அறையிலிருந்தோ கல்லூரியிலிருந்தோ நடந்து போகும் தூரத்தில் மூன்று நான்கு இடங்களில் ஒவ்வொரு நாள் சாப்பிட்டுப் பாருங்கள். ஒரே இடத்துக்கு இரண்டு முறை போவதானால் ஒரு நாள் 12.30க்கும் இன்னொரு நாள் 2.30க்கும் போங்கள். 12.30க்கு எல்லா மெஸ்ஸும் நன்றாகத்தான் இருக்கும். 2.30க்கு மேல் சாம்பாரில் வெந்நீர் கலந்திருக்கிறதா, பொரியல் தீர்ந்து ஊறுகாய்தான் மிச்சமா, சோறு ஆறிப்போய்க் கட்டி தட்டியிருக்கிறதா என்று பார்த்தால்தான் அந்த இடத்தின் நேர்மை தெரியும். உங்கள் வகுப்பு முடியும் நேரம் அதுவாக இருந்தால் இது இன்னும் முக்கியம்.

உட்கார்ந்ததும் கவனிக்க வேண்டியவை சில. சோற்றில் ஆவி பறக்கிறதா? மோர் புளிப்பாக இருந்தால் பரவாயில்லை, கசந்தால் வேண்டாம். அப்பளத்தில் பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை அடிக்கிறதா? கை கழுவப் போகும் சாக்கில் பாத்திரம் கழுவும் இடத்தை ஒரு முறை எட்டிப் பாருங்கள். தட்டுகளை ஒரே தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்து அடுக்கினால் அந்த இடத்தில் வாழை இலையில் போட்டால் மட்டும் சாப்பிடுங்கள். குடிக்கத் தண்ணீர் உங்கள் பாட்டிலிலேயே இருக்கட்டும். உரிமம் பெற்ற இடமானால் கல்லாவுக்கு அருகே 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் ஒட்டியிருப்பார்கள்.

சாப்பாட்டு வகைகளின் பெயர்களைத் தெரிந்துகொண்டு ஆர்டர் செய்யுங்கள். "அளவு சாப்பாடு" என்றால் ஒரு முறை வைப்பதோடு சரி. "ஃபுல் மீல்ஸ்" என்றால் சோறும் குழம்பும் கேட்கக் கேட்கப் போடுவார்கள், ஆனால் பொரியல் இரண்டாவது முறை எல்லா இடத்திலும் வரும் என்று சொல்ல முடியாது. அசைவ மெஸ்களில் வெறும் சாப்பாடு வாங்கினாலே மீன் குழம்பும் கோழிக் குழம்பும் ஊற்றுவார்கள். வறுவலுக்கு மட்டும் தனிக் காசு. தட்டில் வைத்துக் கொண்டுவந்து "வேணுமா?" என்று கேட்கும்போது விலை கேட்காமல் தலையாட்டினால் பில் இரட்டிப்பாகிவிடும். கேட்பதில் கூச்சம் வேண்டாம், தினமும் வருபவர்கள் எல்லாரும் கேட்டுத்தான் வாங்குகிறார்கள்.

கூட்டம் அதிகமுள்ள இடங்களில் முதலில் டோக்கன் வாங்க வேண்டும். திருவல்லிக்கேணி அக்பர் சாகிப் தெருவில் உள்ள காசி விநாயகா மெஸ் போன்ற இடங்களில் டோக்கனை வாங்கிக்கொண்டு வெளியே காத்திருந்து, கூப்பிடும்போது உள்ளே போக வேண்டும். அப்படிப்பட்ட இடத்துக்கு வகுப்புக்கு நடுவே அரை மணி நேர இடைவெளியில் போக முடியாது. விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாதக் கணக்கு வைக்கும் முன் நான்கு கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உண்டா? ஊருக்குப் போகும் நாட்களைக் கழிப்பார்களா? மிச்ச டோக்கன் அடுத்த மாதம் செல்லுமா? பொங்கல், தீபாவளிக்கு எத்தனை நாள் கடை மூடுவார்கள்? கடைசிக் கேள்வியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். சமையல் ஆட்கள் பண்டிகைக்கு ஊருக்குப் போனால் ஒரு வாரம் வரைகூடக் கதவு திறக்காது. தேர்வுக்காக அறையிலேயே தங்கிவிட்ட பிள்ளை அப்போது நான்கு தெரு சுற்றியும் சோறு கிடைக்காமல் பிஸ்கட்டோடு படுக்க நேரிடும். பண்டிகை வாரத்துக்கு அரிசியும் பருப்பும் முன்னமே வாங்கி வைத்துவிடுங்கள்.

பார்சல் வாங்குவதானால் எவர்சில்வர் தூக்கோ டப்பாவோ கொண்டுபோங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆனாலும் கொதிக்கும் சாம்பாரை மெல்லிய கவரில் கட்டித் தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாத்திரம் நீட்டினால் சாம்பாரும் ஒரு கரண்டி கூட விழும். இன்னொன்று, பல மெஸ்களில் பார்சல் சாப்பாட்டில் கட்டும் சோறு இரண்டு பேருக்குக் காணும். அறைத் தோழரோடு சேர்ந்து ஒரு பார்சலும், தனியே ஒரு பொரியலும் வாங்கினால் மதியச் செலவு பாதியாகிவிடும்.

கொஞ்சம் பெரிய ஓட்டலுக்குப் போகும்போது பில்லைப் படியுங்கள். சாதாரண உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். ஜிஎஸ்டி எண் அச்சிடாத பில்லில் அந்த வரியை வாங்கக் கூடாது. சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு தொகை போட்டிருந்தால் அது கட்டாயம் அல்ல, எடுத்துவிடச் சொல்லலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. போன் ஆப்களில் வரவழைப்பதை மாதத்தில் ஓரிரு முறைக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். கடை விலையைவிடக் கூடுதலான மெனு விலை, பேக்கிங், டெலிவரி, பிளாட்ஃபார்ம் கட்டணம் எல்லாம் சேர்ந்து, நடந்து போய் வாங்கியிருந்தால் இரண்டு வேளைக்கு ஆகியிருக்கும் காசு ஒரு வேளைக்கே போய்விடும்.

கை வறண்ட நாட்களில்

மாதக் கடைசியில் அம்மா உணவகம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பது அவசியம். வந்த வாரமே உங்கள் வார்டில் உள்ளதைக் கண்டுபிடித்து வையுங்கள். 2013 பிப்ரவரியில் மாநகராட்சி தொடங்கிய இந்த உணவகங்களில் ஆரம்ப காலத்தில் வைத்த விலை இது: இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய், இரவில் இரண்டு சப்பாத்தி 3 ரூபாய். காலை 7 முதல் 10 வரை, மதியம் 12 முதல் 3 வரை, மாலை 6 முதல் 9 வரை என்பது கணக்கு. தீர்ந்துவிட்டால் அதற்கு முன்பே முடிந்துவிடும், ஆகவே திறந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் போங்கள். சில்லறை கொண்டுபோங்கள். அங்கே சாப்பிடுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆட்டோ ஓட்டுநர், மருத்துவமனைக்கு வந்தவர்கள், அலுவலக ஊழியர் என்று எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கும் இடம் அது.

இரவுக் கையேந்தி பவன்களில் எதை வாங்குவது என்பதற்கு ஒரே அளவுகோல்: உங்கள் கண் முன்னால் சூடு ஏறியதா? இட்லித் தட்டிலிருந்து நேரே எடுத்த இட்லி, கல்லில் வார்த்த தோசை, ஆம்லெட் இவை சரி. தேங்காய்ச் சட்னியை மோந்து பாருங்கள். சாயங்காலம் அரைத்தது வெக்கையில் ஒன்பது மணிக்கெல்லாம் லேசாகப் புளிக்கத் தொடங்கும். சந்தேகம் வந்தால் காரச் சட்னியோ சாம்பாரோ போதும். ஃபிரைட் ரைஸுக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அதற்கான சோறு பகலிலேயே வடித்து ஆறப் போட்டது. ஆறிய சோற்றில் ஒரு வகைக் கிருமி நஞ்சைச் சுரந்துவிட்டால், பிறகு எவ்வளவு பெரிய தீயில் வதக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி எடுப்பது பெரும்பாலும் இதனால்தான்.

அடுப்பு: வாங்கும் முன் சுவரைப் பாருங்கள்

அறை பார்க்கப் போகும்போதே சமைக்க அனுமதி உண்டா, கரண்டுக்கு யூனிட்டுக்கு எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். பல பிஜிக்களில் இண்டக்‌ஷன் அடுப்புக்குத் தடை இருக்கும். ஒளித்து வைத்துச் சமைத்தால் குழம்பு வாசனையே காட்டிக் கொடுத்துவிடும்.

அனுமதி இருந்தால் இண்டக்‌ஷன்தான் நல்லது. ஆனால் எந்த பிளக்கில் சொருகுவது என்பதில் தவறினால் ஆபத்து. 2000 வாட் அடுப்பு முழு வேகத்தில் ஓடினால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சுவரில் ஃபோன் சார்ஜர் போடும் சின்ன பிளக் 6 ஆம்பியர் வரைதான் தாங்கும். அதாவது ஏறத்தாழ 1300 வாட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினால் முதல் வாரம் ஒன்றும் தெரியாது. பிறகு பின் சூடேறி, பிளாஸ்டிக் மஞ்சளித்து, ஒரு நாள் கருகிய வாடை வரும். பெரிய மூன்று துளைகள் உள்ள பவர் பிளக் இருக்கும் அறையாகப் பாருங்கள். இல்லாவிட்டால் 1000 வாட்டுக்கு மேல் வைக்காதீர்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. சமைத்து முடித்ததும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

செலவைப் பற்றிப் பயம் வேண்டாம். 1000 வாட்டில் அரை மணி நேரம் ஓடினால் அரை யூனிட். தினமும் சமைத்தாலும் மாதம் பதினைந்து யூனிட்தான்.

கேஸ்தான் வேண்டும் என்றால் எண்ணெய் நிறுவனங்களே விற்கும் 5 கிலோ சின்ன சிலிண்டர் இருக்கிறது. அடையாள அட்டை காட்டினால் போதும், முகவரிச் சான்று கேட்பதில்லை. தெருக் கடைகளில் பெரிய சிலிண்டரிலிருந்து நிரப்பித் தரும் குட்டி அடுப்பை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். அது சட்டத்துக்குப் புறம்பு என்பது ஒருபுறம் இருக்கட்டும், வால்வு கசிந்தால் ஜன்னல் இல்லாத பத்துக்குப் பத்து அறையில் தப்பிக்க வழி கிடையாது.

பாத்திரங்களுக்கு வருவோம். 3 லிட்டர் பிரஷர் குக்கர் ஒன்று, ஒரு கடாய், ஒரு நான்ஸ்டிக் தோசைக்கல், ஒரு சின்னப் பாத்திரம், கத்தி, கரண்டி இரண்டு, 200 மில்லி டம்ளர் ஒன்று. கடையில் பாத்திரத்தின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால்தான் இண்டக்‌ஷனில் சூடேறும். வீட்டிலிருந்து அம்மா கொடுத்தனுப்பும் பழைய அலுமினிய குக்கர் இதில் வேலை செய்யாது.

குக்கரைப் புரிந்துகொள்வது

புதிதாகச் சமைப்பவர்கள் குக்கரைக் கண்டு பயப்படுவது இயல்பு. அதன் பாகங்கள் நான்கு: பாத்திரம், மூடி, மூடிக்குள் இருக்கும் ரப்பர் கேஸ்கெட், மேலே உட்காரும் வெயிட். மூடியில் இன்னொரு சின்னக் குமிழ் இருக்கும், அது சேஃப்டி வால்வு. தண்ணீர் வற்றி உள்ளே சூடு எல்லை மீறினால் அது உருகி ஆவியை விட்டுவிடும். அதுவே உங்கள் பாதுகாப்பு. ஒரு முறை உருகினால் புதிதாக மாற்றாமல் சமைக்கக் கூடாது. அதன் இடத்தில் வேறு எதையும் வைத்து அடைக்கவும் கூடாது.

மூடிய உடனே வெயிட்டைப் போடாதீர்கள். முதலில் ஆவித் துவாரத்தில் சிறு சிறு துளியாகத் தண்ணீர் தெறிக்கும். பிறகு வெண்புகை விட்டு விட்டு வரும். அது தொடர்ச்சியாக, நேராக, "உஸ்" என்று ஒரே கோடாக எழும்பும்போதுதான் வெயிட்டைப் போட வேண்டும். அப்போதுதான் துவாரம் அடைபடவில்லை என்பது உறுதி. ஆவி வரவே இல்லையானால் பழைய பருப்புத் தோல் அடைத்திருக்கும். ஒவ்வொரு முறையும் மூடியைக் கழுவும்போது துவாரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.

விசில் வராமல் ஓரத்தில் ஆவி கசிந்தால் கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை, அல்லது இளகிவிட்டது. அடுப்பை அணைத்து, ஆறவிட்டுத் திறந்து, கேஸ்கெட்டைக் குளிர்ந்த தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு மறுபடி மாட்டுங்கள். அப்படியும் கசிந்தால் அதே கம்பெனி, அதே அளவில் புதிது வாங்க வேண்டும். விசிலோடு மஞ்சள் தண்ணீர் பொங்கி வழிந்தால் பாத்திரம் அதிகம் நிறைந்திருக்கிறது அல்லது தீ அதிகம். அரிசி, பருப்பு இரண்டும் தண்ணீரோடு சேர்ந்து பாதிக்கு மேல் போகக் கூடாது. 3 லிட்டர் குக்கரில் ஒன்றரை லிட்டர்தான் எல்லை. பருப்பில் அரை டீஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை அடங்கும்.

இண்டக்‌ஷனில் முதல் விசில் வரை 1200 வாட் (சின்ன பிளக்கானால் 1000), பிறகு 600 அல்லது 800. முழு வேகத்தில் வைத்தால் அடியின் நடுவட்டத்தில் மட்டும் சூடு குவிந்து, மேலே வேகும் முன் அடியில் பிடித்துவிடும். அணைத்த பிறகு பத்து முதல் பதினைந்து நிமிடம் தொடாதீர்கள். வெயிட்டைக் கரண்டியால் லேசாகத் தூக்கும்போது சத்தமே வரக் கூடாது. அதன் பிறகுதான் மூடியில் கை வைக்கலாம்.

இரவுக்கு நான்கு சமையல்

முதலில் சோறு. பொன்னிப் புழுங்கலரிசி ஒரு டம்ளருக்குத் தண்ணீர் மூன்று டம்ளர், அரை மணி ஊறல், நான்கு அல்லது ஐந்து விசில். பச்சரிசியானால் இரண்டரை டம்ளர் தண்ணீர், பத்து நிமிட ஊறல், மூன்று விசில். புது அரிசி தண்ணீர் குறைவாகக் குடிக்கும், பழைய அரிசி அதிகம் குடிக்கும். அதனால் ஒவ்வொரு முறை அரிசி மாற்றும்போதும் முதல் நாள் சோறு சரியாக வராது. கால் டம்ளர் கூட்டியோ குறைத்தோ மறுநாள் சரி செய்துகொள்ளுங்கள். ஒரு டம்ளர் அரிசி இரண்டு பேருக்குப் போதும்.

அடுத்தது, முதல் மாதத்தில் நீங்கள் கட்டாயம் பழக வேண்டிய அரிசிப் பருப்பு சாதம். கோயம்புத்தூர், ஈரோடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே பாத்திரத்தில் சோறும் பருப்பும் வெங்காயமும் சேர்ந்துவிடுவதால் அறைச் சமையலுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. இந்த அளவு இரண்டு பேருக்கு.

1. அரிசி ஒரு டம்ளர், துவரம் பருப்பு கால் டம்ளருக்குச் சற்று மேல். இரண்டையும் சேர்த்து இரண்டு முறை கழுவி இருபது நிமிடம் ஊற வையுங்கள். பருப்பு பழையதாக இருந்தால் வெந்நீரில் ஊறட்டும்.

2. அது ஊறும் நேரத்தில் சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஆறு பல் உரித்து, தக்காளி ஒன்றை நறுக்குங்கள். சின்ன வெங்காயம் விலை ஏறிய நாளில் பெரிய வெங்காயம் ஒன்று போதும்.

3. மூடி இல்லாமல் குக்கரை அடுப்பில் வைத்து இரண்டு டீஸ்பூன் எண்ணெய். காய்ந்ததும் கடுகு அரை டீஸ்பூன். அது பொரிந்து அடங்கிய பிறகுதான் சீரகம் அரை டீஸ்பூன், வரமிளகாய் இரண்டு, கறிவேப்பிலை. கடுகு பொரியும் முன் மற்றதைப் போட்டால் கடுகு கசக்கும், சீரகம் கருகும். பிறகு பூண்டு, வெங்காயம்.

4. வெங்காயம் கண்ணாடி போல ஆனதும் தக்காளி, மஞ்சள் தூள் கால் டீஸ்பூன், சாம்பார் பொடி ஒன்றரை டீஸ்பூன். ஒரு நிமிடம் போதும், பொடி அதிக நேரம் எண்ணெயில் கிடந்தால் கருகும்.

5. தண்ணீர் நான்கு டம்ளர், உப்பு ஒன்றரை டீஸ்பூன். கரண்டியால் அடியைச் சுரண்டி விடுங்கள். ஒட்டிய மசாலாதான் பிறகு அடி பிடிக்கக் காரணம். தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பு ஒரு துளி தூக்கலாக இருக்க வேண்டும், அரிசி வெந்ததும் சரியாகிவிடும்.

6. கொதித்ததும் ஊறிய அரிசி பருப்பை நீரை வடித்துப் போட்டு, மறுபடி கொதி வந்ததும் மூடி, ஆவி எழும்பியதும் வெயிட். நடுத்தரச் சூட்டில் நான்கு விசில்.

திறந்ததும் கெட்டியாகத் தெரிந்தால் கால் டம்ளர் வெந்நீர் விட்டுக் கிளறுங்கள், பச்சைத் தண்ணீர் வேண்டாம். மேலே ஒரு டீஸ்பூன் நெய், தொட்டுக்கொள்ள அப்பளமோ தயிரோ. அடி பிடித்திருந்தால் சுரண்டாமல் மேல் சாதத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். கிளறினால் கருகிய வாடை மொத்தமும் ஏறிவிடும். இதில் புளி ஊற்றலாமா என்று கேட்பார்கள். கூடாது. புளி சேர்ந்தால் பருப்பு வேகாது, நறுக்கென்று நிற்கும். சாம்பார் வைக்கும்போதும் பருப்பு வெந்து மசிந்த பிறகே புளித் தண்ணீர்.

மூன்றாவது தக்காளி ரசம். பழுத்த தக்காளி இரண்டு, நெல்லிக்காய் அளவில் பாதி புளி, இரண்டு டம்ளர் தண்ணீரில் கையால் நன்றாகக் கரைத்து, உப்பு, மஞ்சள், ரசப்பொடி ஒரு டீஸ்பூன், தட்டிய பூண்டு நான்கு பல். பச்சை வாடை போக ஐந்து நிமிடம் லேசான சூட்டில் வைத்து, மேலே நுரை கூடி விளிம்பைத் தொடும்போது அணைத்துவிட வேண்டும். தளதளவென்று கொதிக்க விட்டால் வாசனை போய் கஷாயம் ஆகிவிடும். கடைசியில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளிப்பு. ரசம் இருந்தால் முட்டைப் பொடிமாஸ் போதும்: ஒரு வெங்காயம், ஒரு பச்சை மிளகாயை வதக்கி இரண்டு முட்டை உடைத்து ஊற்றி, பாதி இறுகியதும் கிளறி மிளகுத்தூள் போட்டு இறக்குங்கள்.

நான்காவது தயிர் சாதம். இதற்குச் செய்முறை தேவையில்லை என்று நினைப்பீர்கள். சூடான சோற்றைக் கரண்டியின் பின்பக்கத்தால் குழைய மசித்து, அரை டம்ளர் காய்ச்சிய பால், இரண்டு கரண்டி தயிர், உப்பு. காலையில் பிசைந்து மதியம் சாப்பிடுவதானால் பாலை ஒரு டம்ளராகக் கூட்டி, தயிரை ஒரே ஒரு ஸ்பூனாகக் குறைத்துவிடுங்கள். டப்பாவுக்குள்ளேயே உறைந்து மதியம் புளிக்காமல் இருக்கும். பால் வாங்கும்போது ஆவின் பாக்கெட் நிறத்தைக் கவனியுங்கள். நீலத்தில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. தயிர் உறைய வைக்கப் பச்சை, டீக்கும் மற்றதுக்கும் நீலம் போதும்.

முட்டையைத் தினமும் ஒன்றாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது எங்கள் அழுத்தமான யோசனை. மெஸ் சாம்பாரில் பருப்பு குறைவு, சோறு அதிகம். ஒரு முட்டையில் 6 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. சைவமானால் மீல் மேக்கர், அதாவது சோயா உருண்டை. காய்ந்த 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் புரதம். வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பிழிந்து, பருப்பு சாதத்தில் ஒரு கைப்பிடி போடலாம். பிழியாமல் போட்டால் ஒரு வாடை வரும், அதனால்தான் பலருக்கு அது பிடிப்பதில்லை. கொண்டைக்கடலையை காலையில் ஊறப் போட்டுவிட்டுப் போனால் மாலையில் ஆறு விசிலில் சுண்டல் தயார்.

காலைக்குச் சமைக்க வேண்டாம். தெருமுனை மாவுக் கடையில் அரைக் கிலோ இட்லி மாவு வாங்கினால் இரண்டு நாளுக்குத் தோசை வரும். ஃபிரிட்ஜ் இல்லாத அறையில் மூன்றாம் நாள் அது புளித்துப் பொங்கிவிடும். முதல் நாள் தோசை, இரண்டாம் நாள் வெங்காயம் போட்டு ஊத்தப்பம், அதோடு முடித்துவிடுங்கள்.

ஃபிரிட்ஜ் இல்லாத அறையில்

தினம் ஒரு வேளை சமைக்கும் ஒருவருக்கு மாதத்துக்கு அரிசி 3 கிலோ, துவரம் பருப்பு முக்கால் கிலோ, எண்ணெய் அரை லிட்டர், சாம்பார் பொடி 200 கிராம், புளி 200 கிராம், ரசப்பொடி, மஞ்சள், சீரகம், மிளகு தலா 50 கிராம் போதும். ஐந்து கிலோ பை மலிவாகத் தெரியும், ஆனால் அறையில் வண்டு வந்துவிட்டால் மலிவு ஏது. அரிசி டப்பாவில் நான்கு வரமிளகாயோ காய்ந்த வேப்பிலையோ போட்டு வையுங்கள். ரவையை வாங்கிய அன்றே வெறும் கடாயில் வறுத்து ஆறவைத்து மூடினால் புழு வராது.

காய்கறியைத் தள்ளுவண்டியில் கால் கிலோ கணக்கில் வாங்குங்கள். கூச்சப்பட்டு அரைக் கிலோ கேட்டால் பாதி அழுகும். கறிவேப்பிலை, கொத்தமல்லி கொசுறாகக் கிடைக்கும், கேட்க வேண்டும். வெளியே வைத்தால் நான்கைந்து நாள் தாங்குபவை பீட்ரூட், சௌசௌ, பூசணி, உருளை, வாழைக்காய். கீரை அன்றைக்கே. தக்காளி பாதி செங்காயாக வாங்குங்கள். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போட்டால் இரண்டும் சீக்கிரம் முளைத்து அழுகும். கோவை, மதுரை, திருச்சி பக்கம் படிப்பவர்களுக்கு உழவர் சந்தை இருக்கிறது. அங்கே காலை எட்டு மணிக்குள் போய்விட வேண்டும்.

மிச்சச் சோற்றை மூடி வைத்து மறுநாள் சூடுபண்ணிச் சாப்பிடாதீர்கள். ஃபிரைட் ரைஸுக்குச் சொன்ன அதே காரணம்தான். வெறும் சோறு மிஞ்சினால் ஆறிய உடனே, சோறு மூழ்கி இரண்டு விரல் மேலே நிற்கும்படி காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றுங்கள். காலையில் மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்துப் பழைய சோறாகச் சாப்பிடலாம். நூல் நூலாக இழுத்தாலோ கெட்ட வாடை வந்தாலோ கொட்டிவிட வேண்டும். பருப்பு சாதம், தேங்காய் சேர்த்தது எதுவும் இரவைத் தாண்டக் கூடாது.

உடம்பு முடியாத நாளில்

காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் மெஸ்ஸும் வேண்டாம், பிரெட்டும் வேண்டாம். கால் டம்ளர் அரிசி நொய், ஒரு ஸ்பூன் பாசிப்பருப்பு, இரண்டு டம்ளர் தண்ணீர், நான்கு பல் பூண்டு, கால் டீஸ்பூன் சீரகம் போட்டு ஐந்து விசில் விடுங்கள். கரண்டியால் மசித்து, உப்பும் வெந்நீரும் சேர்த்துக் குடிக்கும் பதத்தில் கரைத்தால் கஞ்சி. நொய் இல்லாவிட்டால் அரிசியைத் துணியில் கட்டித் தட்டிக்கொள்ளலாம்.

தண்ணீராகப் போனால் மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கிக் கரைத்துக் குடியுங்கள். நடுராத்திரியில் கடை இல்லையென்றால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் சர்க்கரை ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், இரண்டும் தலைதட்டி அளந்தது. உப்பைக் கூட்டாதீர்கள். ஒரே மடக்காகக் குடித்தால் வாந்தி வரும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மடக்கு. குடித்தது எதுவும் தங்காவிட்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பக்கத்து அறையில் இருப்பவரை எழுப்பி, அப்போதே அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். 108 ஆம்புலன்ஸுக்குக் காசு கிடையாது.